வீட்டுக்குள்ள எடுக்குற படம் கலங்கலா வருது, லென்ஸ் மாத்தணுமா?

கடற்கரைத்தெரு:
வணக்கம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல கேனான் 1500டி, 18-55 கிட் லென்ஸோட வாங்கினேன். வெயில்ல படம் அருமையா வருது. சாயங்காலம் ஹால்ல பொண்ணு விளையாடுறதை எடுத்தா முகம் இழுபட்டுப் போகுது. ஃபிளாஷ் போட்டா முகம் வெளிறி, சுவத்துல கறுப்பா நிழல் விழுது. கடையில 50 எம்எம் 1.8 வாங்கச் சொல்றாங்க. வாங்கினா சரியாகுமா? ஊர் நாகப்பட்டினம், ஹால் பத்துக்குப் பன்னிரண்டு.

ஒளிவாசல்:
லென்ஸை அப்புறம் பாப்போம். படத்தை நல்லா பெருசாக்கிப் பாருங்க. சுவர், கதவு எல்லாமே ஒரே பக்கமா இழுபட்டிருந்தா கை ஆடியிருக்கு. பின்னால காலண்டர் தேதி பளிச்சுனு இருந்து குழந்தை மட்டும் இழுபட்டிருந்தா ஷட்டர் வேகம், அதாவது கேமரா கண் திறந்து மூடுற வேகம், பத்தலை. காலண்டர் கூர்மை, குழந்தை அசையாம இருந்தும் மங்கல்னா ஃபோக்கஸ் சுவத்துல போய் உக்காந்திருக்கு. உங்களுது ரெண்டாவதுன்னு நினைக்கிறேன். லென்ஸ்ல ஐஎஸ் இருந்தாலும் அது கை ஆட்டத்தைத்தான் தாங்கும், ஓடுற குழந்தையை நிறுத்தாது.

டயலை டிவி-ல (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற முறை) வச்சு 1/250 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்ற அளவு) 3200. ஜூம் பண்ணாதீங்க. 55-ல இந்த லென்ஸோட அப்பர்ச்சர் (ஒளி புகுற துளை; எண் குறைஞ்சா துளை பெருசு) 5.6 தான் திறக்கும், 18-ல 3.5, வெளிச்சம் ரெண்டரை மடங்கு கூடும். ஜூமுக்குப் பதிலா நீங்க கிட்டப் போங்க. அப்பவும் அப்பர்ச்சர் எண் சிமிட்டுச்சுன்னா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம், ஐஎஸ்ஓ 6400-க்கு ஏத்துங்க. புள்ளிபுள்ளியா வர்ற நாய்ஸைப் பிறகு குறைச்சுக்கலாம், இழுபட்ட முகத்தை ஒண்ணும் பண்ண முடியாது.

ஃபோக்கஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் வைங்க. இருக்குற 9 புள்ளியில அது ஒண்ணுதான் கிராஸ் டைப், அதாவது குறுக்கு நெடுக்கு ரெண்டு கோட்டையும் பாத்து ஃபோக்கஸ் பிடிக்கும். மங்கல் வெளிச்சத்துல மத்ததெல்லாம் தடுமாறும்.

தெற்குமாடம்:
ஒளிவாசல் சொன்னதோட ஒண்ணு. டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மின்னும். பழைய சோக் வச்ச லைட்டுன்னா 1/250-ல ஒரு படம் மஞ்சளாவும் அடுத்தது இருட்டாவும் வரும். அப்ப 1/100-க்கு இறங்கி, குழந்தை ஒரு நொடி நிக்கும்போது எடுங்க. பகல்ல ஜன்னலை ஒட்டி விளையாட வச்சா இந்தத் தொல்லையே இல்லை.

50 எம்எம் நல்ல லென்ஸ்தான். 5.6-க்கும் 1.8-க்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்: 1/15 கிடைச்ச இடத்துல 1/150 கிடைக்கும். ஆனா உங்க ஹாலுக்கு நெருக்கம். 8 அடி தள்ளி நின்னு கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சாலும் மூன்றரை அடி உயரம்தான் அடங்கும். முகம், அரை உருவம் எடுக்கத்தான்னா வாங்குங்க. ஓடியாடுறது, பொம்மை, தரை எல்லாம் வேணும்னா 24 எம்எம் 2.8 தான் என் தேர்வு. இன்னொண்ணு, 5 அடி தூரத்துல 1.8-ல வச்சா கூர்மை இருக்குற ஆழம் 6 செ.மீ. தான். முகம் கொஞ்சம் திரும்பினா ஒரு கண்ணு தெளிவு, இன்னொண்ணு மங்கல். 2.8-ல வச்சுப் பழகுங்க.

ஃபிளாஷ் தனியா வாங்கி மேற்கூரையைப் பாத்துத் திருப்பி அடிச்சா அந்தக் கறுப்பு நிழல் போயிடும். வாங்குறதுக்கு முன்னாடி கேமரா தலையில ஃபிளாஷ் மாட்டுற இடமான ஹாட்ஷூவைப் பாருங்க. நடுவுல பெரிய பின் இல்லாத 1500டி-யும் இருக்கு. அதுல விலை குறைஞ்ச மேனுவல் ஃபிளாஷ் மின்னாது.

கடற்கரைத்தெரு:
நன்றிங்க. காலண்டர் எழுத்து தெளிவாத்தான் இருக்கு, ஷட்டர் 1/30-னு காட்டுது. இன்னைக்கு 1/250 வச்சுப் பாக்குறேன்.

உப்பங்காத்து:
நாகப்பட்டினம்னு சொன்னதால எழுதுறேன். செகண்ட் ஹேண்ட் லென்ஸ்ல பூஞ்சை இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. லென்ஸைக் கழட்டி, பின்பக்கமா மொபைல் டார்ச் அடிச்சு, முன்பக்கம் சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி நூல் மாதிரி ஓரத்துலேர்ந்து கிளை விட்டிருந்தா அது பூஞ்சை. துணியால துடைச்சாப் போகாது, கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும். தூசி நாலஞ்சு இருந்தா விட்டுடுங்க, படத்துல தெரியாது.

கேமராவை அது வந்த பையிலயே வைக்காதீங்க, பைத்துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரப்பர் வளையம் போட்ட, காத்துப் புகாத டப்பா ஒண்ணு, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-லேர்ந்து 50-க்குள்ள நிக்கணும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, ஈரம் ஏறினா பச்சையாகும். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில சிறு தீயில வறுத்தா திரும்ப ஆரஞ்சாகும். நல்லா ஆறினப்புறம்தான் டப்பாவுல போடணும்.