நான் கேட்காத லோனுக்கு என் சிபில்ல மூணு என்கொயரி

ஓவர்லாக் ராசு:
வணக்கங்க. திருப்பூர்ல ஆறு மெஷின் போட்டு சின்னதா தையல் யூனிட் நடத்தறேன். வீட்டு லோனுக்கு எழுதிக் கொடுத்தேன். பேங்க் மேனேஜர் என் கடன் வரலாறு இருக்கற சிபில் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி, "ஆகஸ்ட் 14, ஒரே நாள்ல மூணு எடத்துல கடன் கேட்டிருக்கீங்களே, என்ன அவசரம்?"ன்னாரு. தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணுமே கேள்விப்படாத பைனான்ஸ். ரெண்டு 40,000, ஒண்ணு 1,50,000. நெட்ல ஒருத்தன் 3,500 ரூபா கொடுத்தா ஏழே நாள்ல அந்தப் பதிவுகளை அழிச்சுத் தர்றேங்கறான். கொடுக்கலாமுங்களா?

பழைய கேஷியர்:
கொடுக்காதீங்க. சிபில்ல டிஸ்ப்யூட், அதாவது பதிவு தப்புன்னு புகார், போட பைசா செலவில்லை. அவனும் அதே பாரத்தைத்தான் உங்க பேர்ல போடுவான், நடுவுல உங்க பான் நம்பரும் அவன்கிட்ட போயிடும்.

என்கொயரி, அதாவது கடன் கேட்ட பதிவு, கிடக்கட்டும், முதல்ல அக்கவுண்ட் பகுதியைப் பாருங்க. அந்த மூணுல எதுலயாவது லோன் திறந்திருந்தா அது மோசடி. அன்னைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடணும். சிபிலோட நிறுத்தாம அதே மாதிரி கம்பெனிங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்லயும் பாருங்க. நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்.

அப்புறம், ஆகஸ்ட் 14 எங்க போயிருந்தீங்க?

சிங்காநல்லூர் அக்கா:
தம்பி, நல்லா யோசிச்சுட்டு சண்டைக்குப் போங்க. நம்ம கண்ணுக்குத் தெரியற ஆப் பேரு ஒண்ணு, பின்னால பணம் போடற கம்பெனி பேரு வேற. ரிப்போர்ட்ல பின்னால இருக்கறவன் பேருதான் வரும். இது தெரியாம என் சொந்த வாஷிங்மெஷின் லோனையே திருட்டுன்னு ரெண்டு வாரம் கத்தினேன் நான்.

ஓவர்லாக் ராசு:
அக்கவுண்ட் எதுவும் இல்லீங்க, நாலுலயும் பார்த்துட்டேன். தேதி இப்பத்தான் பிடிபடுது. மறுநாள் சுதந்திர தின லீவுன்னு யூனிட்டைச் சீக்கிரம் பூட்டிட்டு பிரிட்ஜ் வாங்கப் போனோம். கடைப்பையன் "எலிஜிபிலிட்டி மட்டும் பார்க்கறேன் சார்"னு ரெண்டு தடவை ஓடிபி கேட்டான், நானும் சொன்னேன். வட்டி கணக்கு ஒத்துவரலை, ரொக்கமாவே வாங்கிட்டோம். ரெண்டு 40,000 அதுதான் போல. 1,50,000 மட்டும் சத்தியமா தெரியாது.

பழைய கேஷியர்:
அப்ப 40,000 ரெண்டையும் விட்டுடுங்க. ஓடிபி பதிவை எடுத்து நீட்டுவாங்க, நமக்குப் பேச வாய் இருக்காது. 1,50,000க்கு மட்டும் மல்லுக்கட்டுங்க.

சிபில்ல டிஸ்ப்யூட் போடற அன்னைக்கே அந்தக் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மெயில் போடுங்க. "என் சம்மதம் எங்கே? எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு ஓடிபி போச்சு? விண்ணப்பத்தோட நகல் கொடுங்க"ன்னு கேளுங்க. சிபில் தானா எதையும் அழிக்காது, கம்பெனி ஒத்துக்கணும். 30 நாளுக்குள்ள முடிக்கலைன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபா உங்களுக்குத் தரணும். 2023ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரல் கடைசியில இருந்து அமல். மழுப்பினா புகாரை விசாரிக்க ரிசர்வ் பேங்கோட ஆம்பட்ஸ்மேன் இருக்காரு, அதுக்கும் கட்டணம் கிடையாது.

அதே நாள்ல ரிசர்வ் பேங்க் போட்ட இன்னொரு உத்தரவு: உங்க ரிப்போர்ட்டை யார் எடுத்தாலும் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரணும். ஏன் வரலைன்னு பாருங்க.

ஓவர்லாக் ராசு:
24வது நாள் பதில் வந்துச்சுங்க. விண்ணப்பம், ஓடிபி எதையும் அவங்களால காட்ட முடியலை. "டீலர் மூலமா வந்தது"ன்னு ஒரே வரி. 1,50,000 என்கொயரியை எடுத்துட்டாங்க. எஸ்எம்எஸ் வராத காரணமும் தெரிஞ்சுது. சிபில்ல இருந்தது நான் கொரோனா சமயத்துல விட்ட பழைய நம்பர். அது இப்ப யார் கையில இருக்கோ! மாத்தியாச்சு.

மிச்ச ரெண்டுக்கும் மேனேஜர் ஒரு விளக்கக் கடிதமும் பிரிட்ஜ் ரொக்க பில்லும் கேட்டாரு. பில்லை நான் அன்னைக்கே கசக்கிப் போட்டிருந்தேன். வீட்டுக்காரி வாரண்டிக்கு வேணும்னு எடுத்து அரிசி டப்பா அடியில வெச்சிருந்தா.