க்ரூஸர்ல நெல்லையிலேர்ந்து ஹம்பி: இடுப்பும் முதுகும் தாங்குறதுக்கு எதை மொதல்ல செய்யணும்?

பாளை_ரைடர்:
அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பாளையங்கோட்டை. வச்சிருக்குறது 350 சிசி க்ரூஸர் பைக், ஊருக்குள்ள ஆபீஸ் போக வர, ஞாயித்துக்கெழம பாபநாசம் குத்தாலம்னு ஒரு சுத்து சுத்திட்டு வர அருமையா இருக்கு, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா மதுரை ரோட்டுல ஏறிட்டா கத வேற. கோவில்பட்டி வரைக்கும் ஒண்ணும் தெரியாது, சாத்தூர் தாண்டுனதும் வால் எலும்புல வலி ஆரம்பிச்சிரும், விருதுநகர் வரும்போது ரெண்டு தோளுக்கும் நடுவுல பிடிச்சுக்கும், திருமங்கலத்துல எறங்கி நின்னா வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயி கெடக்கும். எடது கை நல்லாத்தான் இருக்கு.

பொங்கல் கழிச்சு நானும் வீட்டம்மாவும் பெங்களூர் வழியா ஹம்பி போவோம்னு பேசி வச்சிருக்கோம். இப்ப இருக்குற நெலமையில போனா அங்க போயி கோயில் பாக்க முடியாது, லாட்ஜ்ல குப்புறப் படுத்துதான் கெடக்கணும். ஜெல் சீட் போடு, ஹேண்டில்பாரை ஒசத்துற ரைசர் போடு, பெரிய விண்ட்ஷீல்டு போடுன்னு ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. எல்லாத்துக்கும் துட்டு கெடையாது. எதை மொதல்ல செய்யணும், எது தேவையே இல்லன்னு ஓட்டுனவங்க சொன்னா நல்லாருக்கும்.

அம்பை_மூத்தவர்:
தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க. க்ரூஸர்ல காலை முன்னால நீட்டி உக்காருதோம்லா, அப்பம் இடுப்பு பின்பக்கமா சாஞ்சிரும். நாம நேரா நிமிந்து உக்காந்தா வெயிட்டு தாங்குறதுக்குன்னு அடியில ரெண்டு பக்கமும் எலும்பு இருக்கு, இடுப்பு சாஞ்சதும் அந்த வெயிட்டு அதுல விழாம வால் எலும்புல வந்து விழும். சாதா பைக்ல பள்ளம் வந்தா காலை ஊனி லேசா எந்திரிச்சு வாங்கிக்கிடலாம், இதுல கால் முன்னால இருக்குறதால எந்திரிக்க முடியாது, ரோட்டுல உள்ள அடி பூராவும் நேரா முதுகெலும்புக்குத்தான் போவும். வலிக்கு மூலம் அதுதான், சீட்டு மட்டும் காரணம் இல்ல.

அதனால மொதல்ல உக்காருற வெதத்த மாத்துங்க. டேங்க்க ஒட்டி முன்னால சரிஞ்சு உக்காராம சீட்டோட பின் மேட்டுல இடுப்பு நல்லா முட்டுற மாதிரி பின்னால தள்ளி உக்காருங்க. கீழ் முதுகு வளையக் கூடாது. பின் பாக்கெட்டுல பர்ஸ் வச்சிருந்தா இன்னைக்கே எடுத்து முன்னால போட்டுருங்க, ஒரு பக்கம் ஒசந்து உக்காந்தா இடுப்பு கோணி நரம்பு அமுங்கும், தொடை வரைக்கும் இழுக்கும். ஜீன்ஸ்ல அடியில தடியா தையல் வந்து கூடுற எடம் இருக்கு பாருங்க, மூணு மணி நேரம் அது மேலயே உக்காந்தா தோலு வெந்து போவும். சைக்கிள்காரங்க போடுற பேடு வச்ச ஷார்ட்ஸ் உள்ள போட்டுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீந்துரும், வெளிய யாருக்கும் தெரியவும் செய்யாது.

இனி சீட்டு. கடையில பெருவிரல வச்சு அமுக்கிப் பாத்து மெத்துனு இருக்கே நல்லாருக்கேன்னு வாங்காதிய. மெத்துனு இருக்குற ஃபோம் அரை மணி நேரத்துல அமுங்கி அடித்தகட்ட தொட்டுரும், பொறவு நீங்க உக்காந்திருக்குறது வெறும் தகட்டுல. கட்டியான ஃபோம்தான் தூரத்துக்குத் தாங்கும். டவுன்ல சீட்டு தைக்கிறவங்கக்கிட்ட போயி பழைய ஃபோமத் தூக்கிப் போடச் சொல்லாம, வால் எலும்பு படுற எடத்துல மட்டும் குழி வெட்டி எடுத்துட்டு ரெண்டு பக்கமும் கட்டியான ஃபோம் ஒட்டச் சொல்லுங்க, முன்னால சரிவு இருந்தா அதையும் நெரவச் சொல்லுங்க, சரிவு இருந்தா ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால வழுக்கிட்டே இருப்பிய. ரெக்ஸின் வழுவழுப்பா வேண்டாம், சொரசொரப்பா எடுங்க. உக்காந்து காட்டாம தைக்கக் குடுத்துட்டு வந்துராதிய. பைக்ல ஏறி உக்காந்து, எங்க அழுத்துதுன்னு சாக்பீஸ்ல கோடு போட வச்சிட்டுத்தான் வரணும்.

சீட்டுல கை வைக்க மனசு இல்லன்னா காத்து அடைக்கிற குஷன் இருக்கு. அதுலயும் நெறைய பேரு காத்த முட்ட அடிச்சிட்டு சறுக்குது ஆடுதுன்னு சொல்லுதாங்க. அடிச்சிட்டு மேல உக்காந்துக்கிட்டே பையப் பைய காத்தத் தொறந்து விடணும், எலும்பு சீட்டத் தொடப் போற சமயத்துல மூடிறணும். அவ்வளவு கம்மியாத்தான் காத்து இருக்கணும்.

வள்ளியூர்_காத்து:
அம்பை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சத்தியம். நான் கையையும் காத்தையும் பத்திச் சொல்லுதேன்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மரக்குதுன்னா அந்த ரெண்டுக்கும் போற நரம்பு உள்ளங்கை ஓரத்துல, சுண்டு விரலுக்குக் கீழ மணிக்கட்டு பக்கமா அமுங்குதுன்னு அர்த்தம். வலது கை மட்டும்னா ஆக்ஸிலேட்டர இறுக்கிப் பிடிச்சிட்டு ஒரே வாக்குல மணிக்கட்ட மடக்கி வச்சிருக்கீங்க. இதுக்குத் துட்டே வேண்டாம். ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி பாரை ஒரு நூலு முன்னப் பின்ன சுத்திப் பாருங்க, முழங்கையிலேர்ந்து விரல் முட்டி வரைக்கும் ஒரே நேர்கோட்டுல வரணும், மணிக்கட்டு மேலயும் மடங்கக் கூடாது கீழயும் மடங்கக் கூடாது. பிரேக் கிளட்ச் லீவரையும் அதே கோட்டுக்கு எறக்கிக்கிடுங்க, விரல நீட்டுனா லீவர் தானா கையில வந்து விழணும். போல்ட்ட திரும்ப முறுக்கும்போது மேனுவல்ல போட்டிருக்குற டார்க், அதாவது எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு, பாத்து முறுக்கச் சொல்லுங்க, இது வெளையாட்டுக் காரியம் இல்ல. உள்ளங்கை வச்சு அமுக்குற மாதிரி ஆக்ஸிலேட்டர்ல மாட்டுற சின்ன பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு கெடைக்கி, நாலுவழிச்சாலைக்கு நல்லாருக்கும், ஊருக்குள்ள வந்ததும் கழட்டிருங்க.

தோள் நடுவுல பிடிக்கிறது கை ரொம்ப எட்டிப் போறதால. பாரை சுத்தி வச்சும் சரியாவலன்னாதான் ரைசர். ரைசர் போட்டா பார் ஒசந்து நம்ம பக்கமா வரும், தோள் தளந்துரும். ஆனா போட்ட ஒடனே வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி பாரை எடது கோடி வலது கோடி முழுசா திருப்பிப் பாருங்க. திருப்பும்போது ஐடிலிங் சத்தம் ஏறுச்சுன்னா ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுதுன்னு அர்த்தம், அந்த வண்டிய ரோட்டுல எடுக்கவே கூடாது. பிரேக் ஹோஸும் விரைப்பா நிக்கக் கூடாது. இன்னொண்ணு, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல வண்டியோட அமைப்ப மாத்துறதப் பத்தி இருக்கு, அதனால கம்பெனியே அந்த மாடலுக்குன்னு குடுக்குற சாமானா பாத்துப் போடுறது நல்லது.

காத்துக்கு வாரேன். நான் இருக்குற எடமே காத்தாடி நாடு, பணகுடி தாண்டி முப்பந்தல் ஆரல்வாய்மொழி வரைக்கும் ஆடி மாசம் பைக்க நேரா ஓட்டவே முடியாது, சாச்சுப் பிடிச்சுத்தான் ஓட்டணும். க்ரூஸர்ல நெஞ்ச நிமித்தி உக்காந்திருக்கோம்லா, அத்தன காத்தும் நெஞ்சுலதான் மோதும், பின்னால தள்ளிப் போயிரக் கூடாதுன்னு நாம பாரை இழுத்துப் பிடிக்கிறோம், அந்த இழுப்புலதான் தோளும் கையும் போவுது. காத்தோட எதிர்ப்பு வேகத்துக்கு நேர் கணக்குல ஏறாது, வர்க்கக் கணக்குல ஏறும். 80-லேர்ந்து 100 போனா வேகம் கால்வாசிதான் கூடும், நெஞ்சுல விழுற அடி ஒண்ணரை மடங்குக்கு மேல. 80, 85-ல நிதானமாப் போனாலே ஒங்க தோள்வலி பாதி போயிரும், மைலேஜும் நிக்கும்.

விண்ட்ஷீல்டு போடுறதா இருந்தா அதோட மேல் விளிம்பு ஒங்க மூக்கு உயரத்துக்கு மேல வரக் கூடாது, கண்ணு ஷீல்டுக்கு மேல ரோட்டப் பாக்கணும், ஷீல்டு வழியாப் பாக்கக் கூடாது. மழையிலயும் ராத்திரியிலயும் அதோட அருமை தெரியும். ரொம்பப் பெருசா போட்டா சைடு காத்துல பாய்மரம் மாதிரி வண்டியக் கொண்டு போயிரும், கயத்தாறு பக்கம் லாரிய ஓவர்டேக் பண்ணி வெளிய வரும்போது திடீர்னு ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, அப்பம் பயந்து போவிய. ஹெல்மெட்டுக்குள்ள காத்து இரைச்சல் கேட்டுக்கிட்டே போறதும் ஒடம்ப அசத்தும், மெடிக்கல்ல கெடைக்கிற ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுப் பாருங்க. ஹாரன் சத்தம் கேக்கத்தான் செய்யும், காத்து இரைச்சல் அடங்கும்.

தென்காசி_சாரல்:
தம்பி ரெண்டு பேரு போறோம்னு எழுதியிருக்கீங்க, அண்ணாச்சிமார் ரெண்டு பேரும் இவ்வளவு எழுதிட்டு பின்னால உக்காருறவங்களப் பத்தி ஒரு வரி எழுதல. நான் எங்க வீட்டுக்காரர் கூட வருசக்கணக்கா பின்சீட்டுல போறவ, அதனால சொல்லுதேன்.

ஓட்டுறவங்களுக்குப் பிடிக்க பார் இருக்கு, பாக்க ரோடு இருக்கு. பின்னால இருக்குறவளுக்கு ரெண்டும் கெடையாது. க்ரூஸர்ல பின்சீட்டு அகலம் கம்மி, சிலதுல பின்பக்கமா சரிவா வேற இருக்கும், ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போதெல்லாம் பின்னால போயிருவோமோன்னு தொடைய இறுக்கிக்கிட்டே உக்காந்திருக்கணும், அந்த இறுக்கத்துலதான் இடுப்பு விட்டுப் போவுது. அதனால ஒங்க சீட்டுக்கு செலவழிக்கிறதுக்கு முன்னாடி பேக்ரெஸ்ட் போடுங்க. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ல சூப்பர்நோவா மாடல்ல கம்பெனியே பேக்ரெஸ்ட்டும் விண்ட்ஸ்கிரீனும் வச்சுத்தான் குடுத்தாங்க, மத்த வண்டிகளுக்குத் தனியா கெடைக்கும். பேக்ரெஸ்ட் கீழ் முதுகுல, இடுப்புக்குக் கொஞ்சம் மேல முட்டணும். நடு முதுகுல கம்பி குத்துற மாதிரி இருந்தா அது இல்லாமலே இருக்கலாம். கடையில அவங்களையும் கூட்டிட்டுப் போயி ஏத்தி உக்கார வச்சுப் பாத்து வாங்குங்க, நீங்களா வாங்கிட்டு வந்து மாட்டாதீங்க.

கால் வைக்கிற எடத்தப் பாருங்க. முட்டி ரொம்ப மடங்குனா ஒரு மணி நேரத்துல காலு செத்துரும். சைலன்ஸர் பக்கம் காலும் படக் கூடாது, பையும் படக் கூடாது, உருகிரும். பைய எல்லாத்தையும் வால் பக்கம் ஒசரமா கட்டாதீங்க, முன் சக்கரம் லேசாகிப் போயி வண்டி அலம்பும். ரெண்டு பக்கமும் கீழ தொங்குற பையில சமமா பிரிச்சு வைங்க, கனமான சாமான் அடியில. துப்பட்டா வேண்டவே வேண்டாம், பேன்ட்டும் ஜாக்கெட்டும்தான், வெயிலுக்குப் பருத்தி உள்சட்டை.

அடுத்தது நிறுத்துறது. எங்க நிறுத்தணும் எப்ப நிறுத்தணும்னு பின்னால இருக்குறவங்க சொல்லணும், ஓட்டுறவங்க சரின்னு கேக்கணும். ஆம்பளைங்க ரோட்டோரமா எங்கன வேணா ஒதுங்கிருவீங்க, எங்களுக்கு அப்படி இல்ல. கக்கூஸுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம வர்ற பொம்பளைங்கதான் அதிகம், தண்ணி குடிக்கலன்னா தலைவலி வரும், தசை பிடிக்கும், வழியெல்லாம் மூஞ்சி வாடிப் போவும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே பெரிய ஹோட்டல், நல்ல பங்க் எங்கெங்க இருக்குன்னு மேப்ல குறிச்சு வச்சுக்கிடுங்க, மணிக்கொரு தரம் எறங்கி நடங்க. ஹெல்மெட்ல மாட்டுற இன்டர்காம் ஒண்ணு இருந்தா தோளத் தட்டித் தட்டிக் கூப்புட வேண்டாம், எனக்கு சீட்டவிட அதுதான் பெரிய நிம்மதி.

ஒரே நாள்ல பெங்களூர் போயி சேரணும்னு நெனைக்காதீங்க தம்பி. 600 கிலோமீட்டர் பக்கம் வரும். வெள்ளனக் கிளம்பி சேலம் போயி தங்குங்க, 400 கிலோமீட்டர் ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு ஏராளம்.

பாளை_ரைடர்:
அக்கா, நீங்க எழுதுனத அப்படியே வீட்டம்மாக்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன். மதுரை போயிட்டு வந்தப்ப தொடை வலிக்குன்னு அவ சொன்னா, பழகிரும்னு விட்டுட்டோம், காரணம் இப்பதான் புரியுது. சீட்டு செலவ ஒத்திப் போட்டுட்டு பேக்ரெஸ்ட்தான் மொதல்ல, சனிக்கெழம ரெண்டு பேரும் சேந்து போறோம். பார், லீவர் எல்லாம் நாளைக்கே மெக்கானிக்க வச்சு சரி பண்ணிருவேன். அண்ணாச்சிமாருக்கு இன்னும் ஒரு கேள்வி: பின்னால ஆள் ஏறுனா பள்ளத்துல பின்பக்கம் டம்முனு அடிக்கி. ஷாக் அப்சார்பர் போயிருச்சா? மாத்தணுமா?

அம்பை_மூத்தவர்:
ஷாக்கு எண்ணெய் கசியலன்னா மாத்த வேண்டாம் தம்பி, பெரும்பாலும் ப்ரீலோடுதான், அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வச்சிருக்குங்கிறது. கம்பெனியிலேர்ந்து வரும்போது ஒராளுக்குத் தக்கன மெதுவா வச்சிருப்பாங்க, ஆளும் பையும் ஏறுனா ஸ்பிரிங் பாதி அங்கயே அமுங்கிப் போயிரும், பள்ளத்துக்கு அமுங்க எடம் இருக்காது, அதான் அடிக்கி. டூல் கிட்ல கொக்கி மாதிரி வளைஞ்ச ஸ்பேனர் இருக்கான்னு பாருங்க, ஷாக்குக்குக் கீழ படிப்படியா வெட்டு இருக்குற வளையத்துல அத மாட்டித் திருப்பணும். மீட்டியார்ல ஆறு படி இருக்கு, ஒங்க வண்டிக்கு மேனுவல்ல பாத்துக்கிடுங்க. ரெண்டு படி ஏத்தி, பையெல்லாம் கட்டி, அவங்களையும் ஏத்திக்கிட்டு சேரன்மாதேவி ரோட்டுல போயிட்டு வாங்க, அப்பவும் அடிச்சா இன்னொரு படி ஏத்துங்க. டயர் காத்தும் ரெண்டு பேருக்குன்னு தனி அளவு போட்டிருப்பாங்க, அத காலையில வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது பாக்கணும்.

எதையும் ஒண்ணொண்ணா மாத்துங்க. பாரை இன்னைக்கு, ஷாக்க நாளான்னைக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா வலி எதுனால கொறஞ்சுது, எதுனால கூடுச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. மாத்துனதுக்குப் பொறவு கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வாங்க, போக வர 170 கிலோமீட்டர் பக்கம் வரும், வள்ளியூராரு சொல்லுற காத்தும் அந்த ரோட்டுலயே கெடைக்கும்.

வள்ளியூர்_காத்து:
ஷாக்கு ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கிடுங்க. ஒரு பக்கம் மட்டும் ஏத்திட்டு மறு பக்கத்த விட்டுட்டா வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது. சைலன்ஸர் பக்கத்து வளையத்தத் திருப்பும்போது வண்டி நல்லா ஆறி இருக்கணும்.