பாறைக் கோள்களின் தரையை வடித்தது நீரா, உள்வெப்பமா?

வெண்ணாற்றங்கரை:
பாறைக் கோள்களைப் பற்றிப் பேசும்போது எரிமலைக்கும் விண்கல் மோதலுக்கும் கொடுக்கும் முதலிடத்தை நீருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தஞ்சைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும்போது களி, மணல், மறுபடியும் களி, அதன்கீழ் பருமணல் என்று மாறி மாறி வெளிவருவதெல்லாம் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். செவ்வாயில் 45 கி.மீ. அகலமுள்ள ஜெசெரோ பள்ளத்தில் 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தி படமெடுத்த கோடியாக் குன்றிலும், கிடையான படிவுகளுக்கு இடையே சாய்ந்த படிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. நின்ற நீருக்குள் ஆறு நுழையும் முகத்தில்தான் வண்டல் அப்படி அடுக்கடுக்காக விழும்.

நாகைக் கடலோரம்:
வண்டல் ஆற்றினுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை ஐயா. ஆனால் அது படிய இடம் எங்கிருந்து வந்தது? இந்தியாவும் ஒரு பகுதியாக இருந்த கோண்டுவானா என்ற பழைய பெருநிலம் பிளந்தபோது மேலோடு இழுபட்டு இறங்கியதால் உண்டான பள்ளமே காவிரிப் படுகை, பல கி.மீ. தடிமனுக்கு வண்டல் சேர்ந்ததும், நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் அதனால்தான். ஜெசெரோவும் விண்கல் தோண்டிய குழியே. மேலும், வாய்க்கால் போன்ற வடிவைக் கண்டவுடன் நீர் என்று முடிவுகட்டக் கூடாது. வெள்ளியில் பால்டிஸ் என்ற கால்வாய் சுமார் 6,800 கி.மீ. நீள்கிறது, ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் கொதிக்கும் அந்தத் தரையில் அதை அறுத்தது எரிமலைக் குழம்பு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
வெள்ளியைக் காட்டிச் செவ்வாயை மறுக்க முடியாது. ஜெசெரோவின் கழிமுகப் படிவில் களிமண் கனிமங்களும் கார்பனேட்டும் இருக்கின்றன. பாறையோடு நீர் நெடுநாள் கலந்திருந்ததற்கான சான்றுகள் அவை. குழம்பு ஓடிய தடத்தில் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

கொள்ளிடம் வடகரை:
இருவரும் காலத்தை விட்டுவிட்டீர்கள். ஜெசெரோவின் ஆறு வற்றி 300 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் கழிமுகம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே மழையும் இல்லை, தரையைப் புதுப்பிக்கும் மேலோட்டுத் தட்டுகளின் நகர்வும் இல்லை என்பதுதான்.

நாகைக் கடலோரம்:
அந்த ஆறு வற்றியதும் உள்வெப்பக் குறைவால்தானே? கோளின் உட்கரு குளிர்ந்து, அதிலிருந்து எழுந்த காந்தப்புலம் அணைந்த பிறகு, சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று வளிமண்டலத்தை அரித்துவிட்டது. அடியில் இருக்கும் அடுப்பு அணைந்தால் மேலே ஆறும் நிற்கும்.

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கணக்கு மற்றக் கோள்களுக்குப் பொருந்தவில்லையே நண்பரே. புதனுக்கு இன்றும் காந்தப்புலம் உண்டு. அங்கே காற்றும் இல்லை, ஆறும் இல்லை. வெள்ளிக்கு உள்ளிருந்து எழும் காந்தப்புலம் கிடையாது. ஆனால் அதன் வளிமண்டல அழுத்தம் பூமியினுடையதைப்போல் சுமார் 90 மடங்கு. கோளின் நிறையையும் சூரியனிலிருந்து அது இருக்கும் தொலைவையும் சேர்க்காமல் உள்வெப்பத்தை மட்டும் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை.