பச்சை எண்ணெய் பழுப்பாகிவிட்டது: சித்ரோன் பிஎக்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உதவுங்களேன்

வணக்கம். பிரான்சில் இருக்கிறேன், 1991 சித்ரோன் பிஎக்ஸ் ஓட்டுகிறேன். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெய் அழுத்தமும் நைட்ரஜன் வாயுவும் தாங்கும் கார் இது; ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறினால்தான் உடல் மேலே எழும். காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் உடனே எழுகிறது. பின்பக்கமோ இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் எழுகிறது. நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை 'டிக்' சத்தம் வேறு. எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் உருண்டையில் நைட்ரஜன் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோலை உச்சத்தில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே எல்எச்எம் (அந்தப் பச்சை ஹைட்ராலிக் எண்ணெய்) அளவு பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஆனால் நிறம் பழுப்பு! முன்பு வைத்திருந்தவர் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றித் தொலைத்திருந்தால் சீல்கள் கதி என்ன?

அந்த உருண்டையை மட்டும் மாற்றினால் போதுமா, பின்பக்க உயரம் சரிசெய்யும் வால்வையும் கழற்ற வேண்டுமா? எண்ணெயை எத்தனை முறை வடித்து நிரப்பினீர்கள்? பிரேக்கும் இதே அழுத்தத்தில் ஓடுவதால் வண்டியை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.