மார்க் வாங்கிய பாடம் வீட்டுக்குள் வரவில்லையே, என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டை அப்பா:
என் மகள் பத்தாம் வகுப்பு. கணக்கில் 90க்குக் கீழே போனதில்லை. போன வாரம் மாடியில் சிமெண்ட் தொட்டியைக் கழுவும்போது, "ஏட்டி, இது எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்குக் கிடையாதுப்பா" என்றாள். போன வருஷம் கனச்செவ்வகக் கணக்கில் ஒரு மார்க்கூட விடாத பிள்ளை! பரீட்சைக்கு வராது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தையே புரட்டுவதில்லை. திட்ட மனசு வரவில்லை. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

திசையன்விளைக்காரன்:
அண்ணாச்சி, எங்கள் அப்பா பனையேறி. பத்தாம் வகுப்பில் அமிலம், காரம் பாடத்தை நானும் உருப்போட்டுத்தான் எழுதினேன். ஒருநாள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கேட்டு, லிட்மஸ் தாள் சிவப்பில் நாலு, நீலத்தில் நாலு வாங்கி வந்தேன். விடியற்காலையில் அப்பா பனையிலிருந்து இறக்கிய பதநீர்க் கலயத்தில் சிவப்புத் தாளை நனைத்தேன். நீலமாகிவிட்டது. கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும் அல்லவா, அதுதான் காரம். மறுநாள் சுண்ணாம்பு தடவாத ஒரு கலயத்தைக் கட்டச் சொன்னேன். அதில் இறங்கியதை மத்தியானம் வரை வைத்திருந்தேன். நுரை கட்டி, புளித்த வாடை அடித்தது. நீலத் தாள் அதில் சிவந்தது.

காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும், பிறகு அது புளித்து அமிலமாகும். சுண்ணாம்பு அதை மட்டுப்படுத்துகிறது. கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அம்மா, "இன்னைக்குச் சுண்ணாம்பு பத்தல, கருப்பட்டி இறுகாது" என்பாள். அதற்கும் அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது: புளிப்பு ஏறினால் சர்க்கரை உடைந்துபோகும், பாகு எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் கட்டியாகாது. அப்பா ஒரு சொட்டை நாக்கில் வைத்தே இதைச் சொல்லிவிடுவார். அவரிடம் இருந்த அறிவும் என் புத்தகமும் ஒன்று என்று தெரிந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

மேலப்பாளையம் வாசகர்:
நல்ல விஷயம்தான். ஆனாலும் மார்க்கைக் குறைவாகப் பேசாதீர்கள். மேலே படிக்கச் சீட்டு கிடைப்பது அதை வைத்துத்தான். பத்தாம் வகுப்பு நடக்கும்போது பிள்ளையைக் குழப்பிவிடக் கூடாது.

அம்பை விவசாயி:
குழப்பம் எதுவும் வராது, அது அதே கணக்குதானே. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு வயல். பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டம் பார்க்காமல் காப்பி இறங்காது. மொத்தம் 143 அடி. திறந்துவிடுகிற தண்ணீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவான். 1 கன அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியானால் 86,400 கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 2 ஏக்கரில் ஓர் அடி உயரம் தண்ணீர் நிற்கும். கால்வாயில் ஊறிப்போவது தனி. என் மகன் இதை வரப்பில் உட்கார்ந்து போட்டான். அன்றிலிருந்து கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் திறந்தால் அவனே வந்து, "அப்பா, நம்ம மடைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கிறான். உங்கள் மகளிடம் தொட்டியை அளக்க டேப்பைக் கொடுங்கள். 1 கன அடிக்கு 28.3 லிட்டர், அதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை அப்பா:
நேற்று அளந்தாள். உள்ளளவு 4 அடி, 3 அடி, 3 அடி. 36 கன அடி, 1,019 லிட்டர் வந்தது. அத்தோடு விடவில்லை. "குழாய் ஒரு வாளியை நிரப்ப எவ்வளவு நேரமாகும்?" என்று வாளியும் கையுமாக நிற்கிறாள். திசையன்விளைக்காரரே, அந்தக் கலயத்தையும் அவள் பார்க்க வேண்டும். வரலாமா?

திசையன்விளைக்காரன்:
சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. இப்போது வைகாசி, பதநீர் நன்றாக இறங்குகிறது. காலை ஆறு மணிக்கு முன்னால் எங்கள் பனந்தோப்புக்கு வந்துவிடுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் ஒரு கலயம் தனியாகக் கட்டச் சொல்கிறேன். லிட்மஸ் தாள் மட்டும் அவள் கொண்டுவரட்டும்.