புதுப்பிப்பு: ல, ள, ழ குழப்பத்துக்கு விளையாடிப் பார்த்தோம்

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், என்ன விளையாட்டு வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலர் சொன்ன சொல்தொடர் விளையாட்டு (ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது) தமிழில் சீக்கிரம் முட்டி நின்றுவிடும். மரம், கடல், மீன் என நிறைய சொற்கள் மெய்யில் முடியும். மெய்யில் சொல் தொடங்காது. ழ, ள, ற, ன வரிசைகளிலும் தொடங்காது. அதனால் விதியை மாற்றினோம்: மெய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடு, அது அடுத்த சொல்லில் எங்கே வந்தாலும் சரி. பழம் என்றால் கிழமை.

உண்மையில் கைகொடுத்தது நடிப்பு விளையாட்டுதான். ஒருவர் சீட்டில் இருப்பதைப் படிப்பார், எதிரில் இருப்பவர் கேட்டதை நடித்துக் காட்டுவார். மலையா மழையா? பல்லியா பள்ளியா? புலியா புளியா? உச்சரிப்பு பிசகினால் புலி உறுமாமல் எதிரில் முகம் புளிக்கும். நான் திருத்தவே வேண்டாம். பிள்ளையே நாக்கை மடித்து மறுபடி சொல்கிறாள். ள-வுக்கு மடித்த நாக்கு மேலண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு ஒட்டாமல் நிற்கும். இதைப் பாடமாகச் சொன்னபோது யாருக்கும் ஏறவில்லை.

சொல்வதெழுதுதலில் ல, ள நன்றாகத் தெளிந்துவிட்டது. ழ இன்னும் சிலருக்குத் தடுமாறுகிறது, விடப்போவதில்லை.

ர, ற-வுக்கு இந்த வழி உதவாது. பேச்சில் பெரும்பாலும் வேறுபாடே கேட்பதில்லை. கரை, கறை; அரை, அறை என்று படச்சீட்டு ஜோடி சேர்க்கும் ஆட்டம் தொடங்கியிருக்கிறோம்.