இது முதல் பதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
போன ஞாயிறு திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பாக்கெட் சைஸ் தமிழ் நாவல் ஒன்று 40 ரூபாய்க்குக் கிடைத்தது. முதுகுப் பசை காய்ந்து உதிர்கிறது. பதிப்பு விவரம் இருக்கவேண்டிய தாளை எந்தப் புண்ணியவானோ கிழித்துவிட்டார். பின்னட்டையில் 'விலை 75 ந.பை.'. 'ஃபர்ஸ்ட் எடிஷன் சார்' என்று கடைக்காரர் சத்தியம் பண்ணுகிறார். நம்பலாமா?

பதில் 1:
ந.பை. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. விலை அச்சா, ரப்பர் ஸ்டாம்பா என்று பாருங்கள். பழைய ஸ்டாக்கில் புது விலை குத்துவது சகஜம். அச்சக முகவரியையும் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம்தான்.

பதில் 2:
அடுத்த வேட்டைக்கு ஒன்று: ஐகாரக் கொம்புக்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய லை, னை இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. அதையே பிடித்துத் தொங்காதீர்கள். பழைய ஈய அச்செழுத்தை வைத்தே பிறகும் ஓட்டிய அச்சகங்கள் உண்டு.

கேள்வி கேட்டவர்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அச்சுதான். அச்சகம் 'சென்னை-5', அவ்வளவே. ஆனால் கடைசிப் பக்க விளம்பரப் பட்டியலில் இதே நாவல், பக்கத்தில் பொடி எழுத்தில் 'இரண்டாம் பதிப்பு'!

பதில் 1:
போச்சு. கடைக்காரரிடம் மட்டும் சொல்லிடாதீங்க, அடுத்த தடவை அந்தத் தாளும் இருக்காது.